கல்லைத் தட்டிக் கேட்டவர்கள்

அந்தக் காலத்து ஸ்தபதிகள் கோயில் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது ஒரு வரியைத் தவறாமல் சேர்ப்பார்கள் என்று சொல்வதுண்டு. ஆவுடையார்கோயில் கொடுங்கை, தாரமங்கலம் தூண், திருவலஞ்சுழிப் பலகணி நீங்கலாக எது கேட்டாலும் செய்து தருகிறோம் என்பது அந்த வரி. ஆவுடையார்கோயிலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தால் காரணம் புரியும். கருங்கல்லையே மரச் சட்டமாகவும், சட்டத்தைக் கட்டிய கயிறாகவும், அறைந்த ஆணியாகவும் இழைத்து, கூரை விளிம்பாக வளைத்து இறக்கியிருக்கிறார்கள். இதற்கு மேல் எங்களால் ஆகாது என்று தொழில் தெரிந்தவர்களே எழுதிக் கொடுத்த பட்டியல் அது.

இந்தப் பட்டியலை ஒரு பையன் முதலில் கேட்டது ஓர் அம்மி கொத்துகிறவர் வாயால்தான்.

1980களின் தொடக்கம். முழுப் பரீட்சை முடிந்த கையோடு பையனை அப்புச்சி வீட்டுக்கு பஸ் ஏற்றி விட்டுவிடுவார்கள். வீடு இருந்தது திருமுருகன்பூண்டியில், அவிநாசிக்கும் திருப்பூருக்கும் நடுவில். சுந்தரர் கொண்டுவந்த பொன்னைச் சிவபெருமானே வேடர்களை ஏவிப் பறித்துக்கொண்ட தலம் என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள். பையனுக்கு அந்த ஊர் என்றால் சாலையோரத்துக் கல் பட்டறைகள்தான். ஓலைக் கொட்டகைக்குக் கீழே தும்பிக்கை மட்டும் வெளிவந்த பிள்ளையார், முகமில்லாத அம்மன், படுத்துக் கிடக்கும் நந்தி. விடிந்தும் விடியாததுமாக ஆரம்பிக்கும் உளிச் சத்தம் பொழுது சாயும்வரை ஓயாது.

அப்புச்சி வீட்டுக்கு அடுத்த பட்டறையில் முன்பக்கம் சாமிகள், பின்பக்கம் அம்மியும் ஆட்டாங்கல்லும் உரலும். அதை நடத்திய பெரியவருக்கு இரண்டும் ஒரே வேலை. தொழில் கற்க வரும் பையன்களை அவர் சிலைப் பக்கம் விடவே மாட்டார். முதலில் அம்மி. மேல் முகம் மட்டமாக வர வேண்டும், உளி விழுந்த புள்ளிகள் ஒரே ஆழத்தில் வரிசை பிடிக்க வேண்டும். அது கைக்கு வந்தபிறகு பீடம், அப்புறம் தூண், அதற்கப்புறம் நகைநட்டு, துணி மடிப்பு. முகம் எல்லாவற்றுக்கும் கடைசி. “அம்மியைச் சமமாக் கொத்தத் தெரியாதவன் ஆத்தா கன்னத்தை எப்படிக் கண்ணு இழைப்பான்?” என்பார். ஆவுடையார்கோயில் கொடுங்கையைச் செய்தவனும் எங்கேயோ ஒரு மூலையில் அம்மி கொத்தித்தான் ஆரம்பித்திருப்பான் என்பது அவருடைய தீர்மானம்.

லீவு முழுக்கப் பையனுக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. மழுங்கிய உளிகளைப் பொறுக்கி உலைக்கு எடுத்துப் போவது.

கருங்கல்லில் உளியின் முனை நிற்காது. ஒவ்வொரு ஆளும் காலையில் ஒரு கட்டு உளியோடு உட்கார்வார். மதியத்துக்குள் பாதி மொட்டையாகிவிடும். கொட்டகையின் ஓரத்தில் கரி உலை, கையால் சுற்றும் துருத்தி. உளி முனை பழுக்கக் காய்ந்ததும் பட்டடையில் வைத்து நாலு பக்கமும் தட்டிக் கூராக்குவார்கள். விஷயம் அதற்கப்புறம்தான். முனையை மட்டும் தண்ணீரில் தொட்டு எடுத்து, மணலில் தேய்த்துவிட்டு, உற்றுப் பார்ப்பார்கள். பின்னால் மிச்சமிருக்கும் சூடு முனையை நோக்கி ஏறும். வெளுத்த இரும்பின்மேல் வைக்கோல் நிறம் ஒன்று ஓடி வரும், அதன் பின்னாலேயே பழுப்பு, அதற்குப் பின்னால் நீலம். எந்த நிறம் முனையைத் தொடும்போது முழு உளியையும் தண்ணீருக்குள் போடுவது என்பதுதான் துவைச்சல். ஒரு கணம் முந்தினால் உளி அடுத்த அடியில் தெறிக்கும், பிந்தினால் வளையும். பெரியவர் இதற்கு வெயிலில் நிற்க மாட்டார். நிறம் தெரிய நிழல் வேண்டும்.

கொட்டகையில் இருந்த மற்றச் சாமான்களை ஒரு சாக்கில் கட்டிவிடலாம். சுத்தி, சம்மட்டி, கடப்பாரை, மூலைமட்டம், தூக்குக்குண்டு, காவி கரைத்த கொட்டாங்குச்சி, அதில் முக்கிய நூல். நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினால் கல்மேல் சிவப்புக் கோடு விழும். வேலை முழுவதும் அந்தக் கோட்டை நம்பித்தான்.

ஆனால் கோடு போடுவதற்கு முன்னால் கல்லைக் கேட்க வேண்டும். லாரியில் வந்து இறங்கிய கல்லைப் பெரியவர் முதலில் பார்க்க மாட்டார். சின்னச் சுத்தியால் இங்கொரு தட்டு, அங்கொரு தட்டு தட்டிக்கொண்டே சுற்றி வருவார். சிற்ப நூல் மரபில் இதற்கு முறையே உண்டு. மணியின் நாதம் எழுந்தால் ஆண் கல், ஆண் தெய்வங்களுக்கு. வெண்கலத் தாளத்தின் நாதம் வந்தால் பெண் கல், அம்மனுக்கும் பீடத்துக்கும். நாதமே இல்லாத கல் தளம் போட. சாத்திரத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும் இதில் கணக்கு இருக்கிறது. உள்ளே விரிசல் இல்லாத கல்லில் அதிர்வு தடையில்லாமல் ஓடும், கல் ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு வெடிப்பு இருந்தாலும் அது அங்கேயே முட்டி அடங்கிவிடும். இன்றைக்குப் பாலத்துக் கான்கிரீட்டுக்குள் மீயொலியைச் செலுத்திக் குறை தேடும் பொறியாளர்கள் செய்வதும் இதைத்தான். ஒருநாள் நன்றாக இருந்த ஒரு கல்லைத் தட்டிவிட்டுப் பெரியவர், “இது வவுத்துல நோவு வெச்சிருக்குது, திருப்பி அனுப்பு” என்றார். கல் கொண்டுவந்தவர் சண்டைக்கு வந்தார். பெரியவர் பேசவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். மேற்பரப்பு காய்ந்தபிறகும் ஒரு மயிரிழை மட்டும் ஈரம் விடாமல் கறுத்துத் தெரிந்தது.

கருங்கல் என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் எல்லாம் ஒரே கல் அல்ல. பட்டறைக்கு வந்தவை பெரும்பாலும் ஊத்துக்குளிப் பக்கத்துக் குவாரிக் கற்கள். சென்னைப் பல்லாவரத்துக் கல் வேறு வகை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைப் பலகை அந்தக் கல்லில்தான் செய்யப்பட்டிருக்கிறது. அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் அந்தப் பாறை வகைக்கே சார்னாக்கைட் என்று பெயர் வைத்தார். பேலூர், ஹளேபீடு சிற்பிகளுக்கு வாய்த்தது மாக்கல். வெட்டியெடுத்த புதிதில் மெதுவாக இருந்து நாளாக ஆக இறுகும். ஹொய்சளர் சிலைகளின் நகை வேலைப்பாட்டை வியக்கும்போதெல்லாம் நம் ஊர்க் கல் தச்சர்கள் “அது வேற கல்லுங்க” என்று ஒரு வார்த்தை சொல்லாமல் விடமாட்டார்கள். காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில் பல்லவர்கள் மணற்கல்லை எடுத்தாண்டார்கள். பல சிலைகள் உருத்தெரியாமல் அரித்துப்போய் நிற்கின்றன. கருங்கல் கையை உடைத்தாலும் காலத்துக்கு நிற்கும். ஒரு கன அடிக் கருங்கல் ஏறத்தாழ 75 கிலோ. ஆள் உயரத் தூணை நகர்த்துவது என்றால் என்ன என்று அதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பெரியவர் ஒருமுறை பையனையும் குவாரிக்குக் கூட்டிப்போனார். அப்புச்சி, “கல்லுப் பொடி கண்ணுல பட்டுச்சுன்னா என்ன பண்றது சாமி?” என்று கடைசிவரை தடுத்துப் பார்த்தார்.

வெடி வைப்பதைப் பார்க்கத்தான் பையன் ஆசைப்பட்டான். அங்கே நடந்ததோ வேறு. பாறைமேல் ஒருவர் குந்தியிருந்து கோட்டின் மேலேயே சாண் இடைவெளியில் குழிகள் அடித்தார். குழிக்கு ஒரு இரும்பு ஆப்பு. பிறகு சம்மட்டியோடு எழுந்து, வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரே ஒரு அடி. திரும்பி வந்து மறுபடி முதலிலிருந்து. எந்த ஆப்புக்கும் அதிகமாக ஒரு அடி கிடையாது. ஒன்று முந்திக்கொண்டால் வெடிப்பு கோட்டை விட்டு விலகிவிடும். சுற்று ஏற ஏற மொத்தையாக இருந்த சத்தம் கூர்மையானது. ஒரு கட்டத்தில் அந்த ஆள் சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு பீடி பற்றவைத்து உட்கார்ந்துவிட்டார். பையன் ஏதோ கோளாறு என்று நினைத்தான். பீடி பாதி தீருவதற்குள் முதல் குழியிலிருந்து கடைசிக் குழிவரை கோடு தானாக ஓடிப் பாறை இரண்டானது. கல்லின் ஓட்டம் எந்தப் பக்கம் என்று தெரிந்து கோடு போட்டுவிட்டால் மிச்சத்தைக் கல்லே பார்த்துக்கொள்ளும் என்றார் பெரியவர்.

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய தலைமைத் தச்சன் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன் என்பது கல்வெட்டில் இருக்கிறது. 1010இல் முடிந்த அந்தக் கோயிலுக்கு, பாறையே இல்லாத காவிரி வண்டலுக்குக் கல்லை வெளியிலிருந்துதான் கொண்டுவந்தாக வேண்டும். உச்சியில் இருப்பது 80 டன் ஒற்றைக் கல் என்று இன்றும் வழிகாட்டிகள் சொல்கிறார்கள்; அது பல துண்டுகளாகச் செய்து பொருத்தியது என்பதே ஆய்வாளர்கள் கண்டது. பெருந்தச்சனுக்கு அதனால் பெருமை குறையாது. துண்டுகளை இணைப்பே தெரியாமல் 200 அடி உயரத்தில் பொருத்துவது ஒற்றைக் கல்லை ஏற்றுவதைவிடச் சுலபம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அந்தக் கற்களைப் பாறையிலிருந்து பிளந்தவர்களின் பெயர்தான் எங்கும் இல்லை. ஊத்துக்குளிக் குவாரியில் பீடி பிடித்த ஆளின் பெயரையும் பையன் கேட்டுவைக்கவில்லை. அப்போது யாருமே கேட்பதில்லை.

பையன் படித்து, பத்திரிகை வேலைக்கு வந்து, மீசை நரைக்கத் தொடங்கியபிறகு மாமல்லபுரத்துக்குப் போனார். முன்பே பலமுறை போனதுதான். இம்முறை ஐந்து ரதங்களுக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் முதுகைக் காட்டிவிட்டு, சுற்றுலாக்காரர்கள் அதிகம் எட்டிப்பார்க்காத வலையன்குட்டை, பிடாரி ரதங்கள் பக்கம் நடந்தார். முடிவடையாத வேலைகள். முடிந்த சிலையில் சிற்பி தன் தடத்தை அழித்துவிடுவான். முடியாத சிலையில்தான் அவன் எப்படி யோசித்தான் என்பது அப்படியே கிடக்கிறது. பாறை முகத்தில் குறுக்கும் நெடுக்குமாக வாய்க்கால்கள் வெட்டிக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். வாய்க்கால் வேண்டிய ஆழம் போனதும் நடுவில் நிற்கும் மேட்டைப் பக்கவாட்டில் அடித்து உடைத்துவிடுவது. மறுபடியும் கட்டம், மறுபடியும் உடைப்பு. வேலை மேலிருந்து கீழே இறங்குகிறது. சாரம் கட்டத் தேவையில்லை, பாறையே சாரம். பக்கத்துப் பாறைகளில் வரிசையாக ஆப்புக் குழிகள் தெரிந்தன. அவற்றுக்கிடையே தன் சாணை வைத்துப் பார்த்துவிட்டு அவர் சிரித்துக்கொண்டார்.

விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டில் ஒரு சின்னக் குடைவரை உண்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணுவுக்கு இதை எடுத்தேன் என்று மகேந்திரவர்மன் அதில் பொறித்து வைத்திருக்கிறான். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அரசன் பெருமைப்பட்டது எது இல்லாமல் செய்தான் என்பதற்கு. கட்டுமானப் பொருள் எதுவும் இல்லை. ஆனால் உளியை உலையில் வைத்துத் துவைச்சல் போட்ட யாரோ ஒருவர் இருந்தே தீர வேண்டும்.

மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரி இன்றும் நடக்கிறது. கல்லூரிக்குப் பல ஆண்டுகள் தலைமை தாங்கிய பிள்ளையார்பட்டி வை. கணபதி ஸ்தபதிதான் கன்னியாகுமரியில் 133 அடி உயர வள்ளுவர் சிலையை எழுப்பினார். அறத்துப்பாலின் 38 அதிகாரத்துக்கு 38 அடிப் பீடம், மிச்ச 95க்குச் சிலை. 2000 ஜனவரி 1 அன்று திறந்தார்கள். 2004இல் சுனாமி அலை அந்தப் பாறைமேல் மோதியும் சிலை அசையவில்லை. இந்த மரபில் அளவு என்பது அடியிலும் அங்குலத்திலும் தொடங்குவதில்லை. முகத்தின் நீளம் ஒரு தாலம். அதைப் பன்னிரண்டாகப் பகுத்தால் அங்குலம். பெருந்தெய்வத்துக்கு உத்தம தசதாலம், 124 அங்குலம். சிலை உள்ளங்கையில் அடங்கினாலும் வானத்தைத் தொட்டாலும் கணக்கு மாறாது.

அதே கணபதி ஸ்தபதி வரைந்து கொடுத்த இன்னொரு கோயில் ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் கவாய் தீவில் இருக்கிறது. இறைவன் கோயில் என்று பெயர். அமெரிக்கரான சிவாய சுப்ரமுனியசுவாமி எழுப்பிய கோயில். கல்லை உளியாலேயே செதுக்க வேண்டும், மெஷின் கூடாது என்று அவர் நிபந்தனை போட்டார். 1990இல் பெங்களூருக்கு அருகே தமிழ்நாட்டுச் சிற்பிகள் குடும்பத்தோடு குடியேறி வேலையைத் தொடங்கினார்கள். செதுக்கிய கற்கள் கப்பலேறின. அடித்தளமும் வம்படியாக: இரும்புக் கம்பியே இல்லாமல், நிலக்கரிச் சாம்பல் கலந்த கான்கிரீட் 4 அடி கனத்துக்கு. கம்பி துருப்பிடித்தால் தளம் வெடிக்கும், கோயிலோ ஆயிரம் ஆண்டு நிற்க வேண்டும் என்பது கணக்கு. 2023 மார்ச்சில் குடமுழுக்கு நடந்தது. ஆரம்பத்தில் உளி பிடித்தவர்களில் பலர் முடியும்போது தாத்தாவாகியிருப்பார்கள்.

பூண்டிப் பட்டறையின் பின்பக்கத்துக்கு அப்படி நிபந்தனை போட யாரும் இல்லை. 1950களில் கோவையில் பிறந்த வெட் கிரைண்டர் எண்பதுகளில் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. ஆட்டாங்கல்லில் கல் நிற்கும், குழவி சுற்றும். கிரைண்டரில் குழவி நிற்கும், கல் சுற்றும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் ஒரு தெருவே மாறிப்போனது. உண்மையில் கிரைண்டர் கல் தச்சர்களின் பிழைப்பை ஒரேயடியாகப் பறித்துவிடவில்லை. அதற்குள்ளும் ஊத்துக்குளிக் கல்தான் சுற்றியது, அதுவும் தேய்ந்தது, அதையும் கொத்த ஆள் வேண்டியிருந்தது. “அம்மி கொத்தலையோ, ஆட்டாங்கல்லு கொத்தலையோ” என்று தெருவில் கூவி வந்தவர்கள் கொஞ்ச காலம் “கிரைண்டர் கல்லு” என்றும் சேர்த்துக் கூவினார்கள். கொத்தி முடித்த அம்மியில் முதலில் ஒரு பிடி தவிட்டையும் உப்பையும் வைத்து அரைத்து, கல் பொடியைக் கழுவித் தள்ளியபிறகுதான் சமையலுக்கு எடுப்பார்கள். மிக்ஸி அந்தக் கடைசிக் கூவலையும் நிறுத்தியது.

முன்பக்கம் கட்டிங் மெஷின் வந்தது. பலகையை அறுக்கக் கல் தச்சனுக்கு ஒரு வாரம் ஆன இடத்தில் மெஷினுக்கு அரை நாள். அதைக் குறை சொல்லப் பத்திரிகைக்காரருக்கு மனம் வரவில்லை; தோள்பட்டை தேய்ந்துபோன ஆட்களை அவர் பார்த்திருக்கிறார். ஆனால் உளி அடித்தால் சில்லு தெறிக்கும். தகடு அறுத்தால் மாவு பறக்கும். கருங்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் நுரையீரலுக்குள் போய்த் தங்கினால் சிலிகோசிஸ். குணமாக மருந்து கிடையாது. உளிக்காரர்களுக்கும் அது வராமல் இருந்ததில்லை. பூண்டிப் பெரியவரின் இருமலை “பீடி இருமல்” என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி அடங்கும், முகமூடி போட்டால் இன்னும் நல்லது. சாலையோரக் கொட்டகைகளில் பெரும்பாலும் முகத்தில் ஒரு துண்டுதான்.

மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடைகளில் மெஷின் பளபளப்போடு நிற்கும் சிலைகளுக்கு நடுவே கைவேலையைக் கண்டுபிடிக்கப் பத்திரிகைக்காரர் ஒரு வழி வைத்திருக்கிறார். முன்னால் பார்ப்பதில்லை. சிலையின் முதுகுப் பக்கம், பீடத்தின் அடி, நகைக்கும் கழுத்துக்கும் இடையிலுள்ள பள்ளம். மெஷின் தகடு நுழையாத மூலையில் அது முடிந்த இடத்தில் ஒரு வெட்டுக் கோடு தாண்டிப் போயிருக்கும். உளி தாண்டாது. எங்கே நிற்க வேண்டுமோ அங்கே புள்ளியாக நிற்கும்.

சென்ற ஆவணியில் பூண்டிக்குப் போனபோது பெரியவர் இல்லை. கொட்டகை இருந்த இடத்தில் தகரக் கூரை. பேரன்தான் நடத்துகிறார். திருப்பணிக் குழுக்கள் இப்போது இரண்டு ரேட் கேட்கின்றனவாம். தூணுக்கும் தளத்துக்கும் மெஷின், மூலவருக்குக் கைவேலை. கண் திறப்பது மட்டும் பழையபடியே, பொன்னூசியால். லாரியிலிருந்து கல் இறங்கியதும் பேரனும் சுத்தியோடு ஒரு சுற்று சுற்றி வந்ததை அவர் கவனித்தார். வாங்க வந்ததைச் சொன்னார்: ஓர் அம்மி.

“மெசின்ல அடிச்சது ரெடியா இருக்குதுங்க.”

“கைக்கொத்து வேணும்.”

“அதுக்கு இப்ப ஒருத்தர்தானுங்க இருக்காரு. பழனிப் பக்கம் ஒரு கோயில் வேலைக்குப் போயிருக்காரு. தை பொறந்து வாங்க. அட்வான்ஸெல்லாம் வேண்டாமுங்க, போன் நம்பரை மட்டும் எழுதிட்டுப் போங்க. அப்புறம், அரைக்கப் போறது யாருங்க? குழவி நீளம் கைக்குத் தக்கன வெக்கோணும்.”

வீட்டில் தேங்காய்ச் சட்னிக்கு மிக்ஸி போதும் என்று மனைவி தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் தன் இரண்டு கைகளையும் குழவி பிடிக்கிற மாதிரி நீட்டினார். பேரன் டேப்பை வைத்து அளந்து, நோட்டில் நம்பருக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.